வெள்ளெழுத்துக் கண்ணாடி: கடைக்குப் போகும் முன் இஞ்ச் டேப்பை எடுங்கள்

கேள்வி இதுதான். வயது 50. ஜவுளிக்கடையில் கணக்கு வேலை. இதுவரை கண்ணாடி போட்டதில்லை, தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டு நன்றாகவே தெரிகிறது. பில்லில் இருக்கும் பொடி எழுத்துதான் ஓராண்டாகக் கலங்குகிறது. பரிசோதித்து இரண்டு கண்ணுக்கும் +1.50 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கடையில் ப்ரோக்ரெசிவ்தான், அதாவது மேலிருந்து கீழே பவர் மெல்லக் கூடும் லென்ஸ்தான், போட வேண்டும், 14,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மருந்துக்கடையில் அதே +1.50 ரெடிமேடாக 250 ரூபாய்க்குத் தொங்குகிறது. எதை வாங்குவது?

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். உங்கள் கண்ணின் இடைவெளிக்கு அளவெடுத்துப் போட்ட சாதாரண ஒற்றைப் பவர் கண்ணாடி ஒன்று போதும். பத்து வருடம் கழித்து இதே கேள்விக்கு என் பதில் மாறிவிடும். ஏன் மாறும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது, அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எழுத்து வெளுத்துத் தெரிவதால் இதற்கு வெள்ளெழுத்து என்று பெயர். பழைய ஆட்கள் சாளேசுரம் என்பார்கள். நாற்பதைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது அது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளவயதில் இளநுங்கு மாதிரி இருக்கும். பக்கத்தில் பார்க்கும்போது அதைச் சுற்றியுள்ள தசை சுருங்கும், லென்ஸைப் பிடித்திருக்கும் இழைகள் தளரும், லென்ஸ் தானாகப் புடைத்துக்கொள்ளும். புடைத்தால் பவர் கூடும், பக்கத்துப் பொருள் விழித்திரையில் கூர்மையாக விழும். வயது ஏற ஏற நுங்கு முற்றுகிறது. தசை இழுப்பதை விட்டுவிடவில்லை, லென்ஸ்தான் வளைந்து கொடுக்க மறுக்கிறது. அதனால்தான் கண்ணை உருட்டும் பயிற்சியோ, கேரட்டோ, உள்ளங்கையைத் தேய்த்துக் கண்ணில் வைப்பதோ இதில் எதையும் மாற்றாது. கண்ணாடி போட்டதால் பவர் ஏறிவிட்டது என்று சொல்வதும் தப்பு. போட்டாலும் போடாவிட்டாலும் அறுபது வரை லென்ஸ் முற்றிக்கொண்டேதான் இருக்கும்.

இந்தப் புடைக்கும் சக்தியை டயாப்டர் கணக்கில் சொல்வார்கள், கண்ணாடிப் பவருக்கும் அதே அலகுதான். தோராயமாகத் தெரிந்துகொள்ள ஒரு குறுக்குவழி உண்டு: 15லிருந்து வயதின் கால் பங்கைக் கழியுங்கள். கிடைப்பது அந்த வயதில் குறைந்தபட்சம் இருக்கக்கூடிய சக்தி. பத்து வயதுப் பிள்ளைக்கு 12.5, நாற்பதில் 5, ஐம்பதில் 2.5, அறுபதில் பூஜ்யம். இதில் பாதியைத்தான் நாள் முழுக்கச் சிரமமில்லாமல் செலவழிக்க முடியும். மீதியையும் இழுத்துப் பிடித்தால் பத்து நிமிடத்தில் நெற்றி வலிக்கும்.

தேவை எவ்வளவு என்பதும் எளிய கணக்குதான். 100ஐ செ.மீ. தூரத்தால் வகுத்தால் வேண்டிய டயாப்டர் வந்துவிடும். பில்லை 40 செ.மீ. தள்ளி வைத்துப் பார்த்தால் 2.5. கணினித் திரை 65 செ.மீ. என்றால் சுமார் 1.5. ஆசாரி நகை வேலையை 25 செ.மீ.யில் வைத்துப் பார்த்தால் 4. தேவையிலிருந்து சிரமமில்லாமல் செலவழிக்கக்கூடிய பாதியைக் கழித்தால் மிச்சத்தைக் கண்ணாடி கொடுக்க வேண்டும். ஐம்பது வயதில் 40 செ.மீ.க்கு 2.5லிருந்து 1.25 போக 1.25 மிஞ்சும். உங்களுக்கு எழுதியிருக்கும் +1.50 இந்தக் கணக்கோடு ஒத்துத்தான் போகிறது. பொதுவாக நாற்பதுகளின் முதல் பாதியில் +1.00, ஐம்பதை ஒட்டி +1.50 முதல் +1.75, அறுபதில் +2.50 என்று ஏறும். அதற்கு மேல் பெரும்பாலும் ஏறாது.

முக்கியமான இடம் இதுதான். +1.50 கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கண்ணைத் தளர்வாக விட்டால் 66 செ.மீ. வரை தெளிவாகத் தெரியும். உங்கள் சொந்தச் சக்தியில் பாதியைச் சேர்த்தால் 36 செ.மீ. வரை கிட்டே வரலாம். ஆக, 36 முதல் 66 வரை ஒரே கண்ணாடியில் தெளிவு. பில், கால்குலேட்டர், கீபோர்டு, 60 செ.மீ.யில் திரை எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். திரை 70 செ.மீ.க்கு அப்பால் இருந்தால் மேசையின் முன்பக்கம் இழுத்து வையுங்கள், காசு மிச்சம். தலை நிமிர்ந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் வாடிக்கையாளரைப் பார்த்தால் மட்டும் ஒரு டயாப்டர் அளவுக்கு மங்கும். முகம் தெரியும், சேலை பார்டரில் உள்ள நுணுக்கம் தெரியாது. உயரம் குறைந்த பாதிக் கண்ணாடியாக வாங்கிக்கொண்டால் மேலே ஓரமாக எட்டிப் பார்க்கலாம். தூரத்துக்குப் பவர் இல்லாததால் பைக் ஓட்டும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொண்டால் சரி.

அறுபது வயதுக்காரருக்கு இது நடக்காது. அவரிடம் சொந்தச் சக்தி மிச்சமில்லை. +2.50 போட்டால் 40 செ.மீ.யில் தெளிவு, கொஞ்சம் முன்னே பின்னே தெரியும், 65 செ.மீ.யில் இருக்கும் திரை மங்கிவிடும். அவருக்குப் படிக்க ஒன்று, திரைக்கு ஒன்று என்று இரண்டு பவர் வேண்டும். ப்ரோக்ரெசிவ், ஒரே லென்ஸில் மேலே ஒரு பவரும் கீழே ஒரு பவரும் உள்ள பைஃபோகல் எல்லாம் தம் விலைக்கு உண்மையில் ஈடு கொடுப்பது அந்தக் கட்டத்தில்தான்.

அதனால் பரிசோதனைக்குப் போகும் முன் ஒரு நாள் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் வேலைகளை அளந்துவிடுங்கள். புருவத்திலிருந்து பில்லுக்கு எவ்வளவு, திரைக்கு எவ்வளவு, போனுக்கு எவ்வளவு. எது கண்ணுக்குக் கீழே இருக்கிறது, எது நேரே, எது மேலே என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பரிசோதிப்பவர் படிக்கும் அட்டையை வழக்கமாக 40 செ.மீ.யில் பிடிப்பார். உயரமானவர்கள், கை நீளமானவர்கள் 45இல் படிப்பார்கள், பூக்கட்டுகிறவர்கள் மடியில் வைத்து 50இல்கூடக் கட்டுவார்கள். அவர்களுக்கு 40க்கு எழுதிய பவர் கூடுதலாகிவிடும். கூடுதலாகிவிட்டதற்கு அடையாளம், பொருளைக் கிட்டே கொண்டுவந்தால்தான் தெளிகிறது என்பது. குறைவானதற்கு அடையாளம், கை நீண்டுகொண்டே போவதும் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்குவதும். புதுக் கண்ணாடி வந்த முதல் நாளிலேயே இந்த இரண்டில் ஒன்று தெரிந்தால் பழகட்டும் என்று விடாமல் திரும்பிப் போய்க் கேளுங்கள்.

சீட்டைக் கையில் வாங்கியதும் பாருங்கள். மேல் வரிசை தூரத்துக்கு, கீழ் வரிசை பக்கத்துக்கு, அல்லது ‘ஆட்’ என்று தனிக் கட்டம் இருக்கும். ஆட் என்பது தூரப் பவரோடு கூட்ட வேண்டிய தொகை. தூரம் −1.00, ஆட் +2.00 என்றால் படிக்கும் பவர் +1.00. இதைக் கூட்டாமல் +2.00 என்றே கண்ணாடி போட்டுக் கொடுத்து, தலை சுற்றுகிறது என்று வருகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். சிலிண்டர், ஆக்சிஸ் என்று எழுதியிருந்தால் கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களுக்கு ரெடிமேட் முழுப் பலன் தராது. இரண்டு கண்மணிகளின் நடுவே உள்ள தூரம், அதாவது பி.டி., சீட்டில் பெரும்பாலும் இருக்காது. கேட்டு எழுதி வாங்குங்கள். படிக்கும்போது கண்கள் உள்நோக்கிச் சாய்வதால் பக்கத்துக்கான பி.டி. தூரத்துக்கானதைவிட 3, 4 மி.மீ. குறைவு.

ரெடிமேட் கண்ணாடியை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது, முடிவுகள் 2018இல் வெளிவந்தன. கிட்டத்தில் பார்க்க எளிய கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்து பறிப்பு, பெறாதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடியது. சாதாரணக் கண்ணாடிதான், ஆனால் கைக்கு வேலை திரும்பியது. இரண்டு கண்ணிலும் ஒரே பவர், சிலிண்டர் இல்லை, பி.டி. நடுத்தரம் என்றால் மாத்திரை அட்டையில் தேதி பார்க்க, ஊசியில் நூல் கோர்க்க, அரிசியில் கல் பொறுக்க ரெடிமேட் தாராளமாகப் போதும். சமையலறையில் ஒன்று, பூஜை அறையில் ஒன்று என்று போட்டுவைக்கலாம்.

தகராறு எப்போது வரும் என்றால், அதை எட்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்காரும்போது. இந்தக் கண்ணாடிகள் ஒரு பொது அளவுக்குச் செய்யப்படுபவை, லென்ஸ் மையங்களின் இடைவெளி பல சமயம் 62, 64 மி.மீ. என்று இருக்கும். 64 உள்ள கண்ணாடியில், படிக்கும்போது உங்கள் கண்மணிகளின் இடைவெளி 58 என்றால் ஒவ்வொரு கண்ணும் மையத்திலிருந்து 3 மி.மீ. விலகிப் பார்க்கிறது. பவர் +2.00 என்றால் ஒரு கண்ணுக்கு 0.6 என்று இரண்டுக்கும் சேர்த்து 1.2 ப்ரிஸம் அளவுக்கு இழுப்பு. ப்ரிஸம் என்பது லென்ஸ் பார்வையை விலக்கும் அளவு. கண்கள் தேவைக்கு மேல் உள்ளே சாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் புருவ நடுவில் வலிப்பதன் காரணம் பல நேரம் இதுதான். பவர் ஏற ஏற இந்தத் தொல்லையும் ஏறும். கடையிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, அதன் வழியாகக் கதவு நிலையின் நேர்க்கோட்டைப் பார்த்தபடி மெல்ல இடவலமாக அசையுங்கள். கோடு சீராக நகர வேண்டும். நடுவில் நெளிந்தால், உடைந்தால் லென்ஸ் அச்சு சரியில்லை, அடுத்ததை எடுங்கள்.

மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. −2.50 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினாலே 40 செ.மீ.யில் தெளிவாகப் படிக்கலாம், வெள்ளெழுத்துக்கென்று செலவே வேண்டாம். −1.50 என்றால் கழற்றினால் 66 செ.மீ.யில் திரை தெரியும். ஆனால் அதே ஆள் தூரப் பவரை நீக்கும் லேசர் சிகிச்சையான லேசிக் செய்துகொண்டால், அல்லது கான்டாக்ட் லென்ஸுக்கு மாறினால், இந்தச் சலுகை போய்விடும். அதுவரை இல்லாத வெள்ளெழுத்து ஒரே நாளில் வந்தது போலத் தோன்றும். நாற்பதை ஒட்டி லேசிக் செய்ய நினைப்பவர்களிடம் இதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். தூரப் பவரே பிளஸாக உள்ளவர்களுக்கு நேர்மாறு. அவர்களுக்கு வெள்ளெழுத்து நாற்பதுக்கு முன்னாலேயே முளைக்கும்.

பைஃபோகலை இப்போது கடைகளில் ஏளனமாகப் பார்க்கிறார்கள். அது நியாயமில்லை. தூரத்துக்கும் படிக்கவும் மட்டும் வேண்டும், கணினி இல்லை, நிறையப் படிக்கிறார் என்றால் இன்றைக்கும் அதன் படிக்கும் பகுதிதான் அகலமானது. நம் கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். கீழே உருண்டைத் துண்டு வைத்தது கிரிப்டாக், சுருக்கமாக கே.டி. மேல்பக்கம் தட்டையாக வெட்டியது டி பைஃபோகல். கோடு கண்ணுக்குத் தெரியாது என்று கே.டி.யை விரும்புவார்கள். ஆனால் 22 மி.மீ. உருண்டையின் மையம் அதன் மேல்விளிம்பிலிருந்து 11 மி.மீ. கீழே இருக்கிறது. பார்வை கோட்டைத் தாண்டும்போது பொருள் குதிக்கும், ஆட் +2.00 என்றால் 2.2 ப்ரிஸம். டி வகையில் மையம் 5 மி.மீ.தான் கீழே, குதிப்பு பாதிக்கும் குறைவு. அழகுக்காக கே.டி. வாங்கி, மாடிப்படியில் கால் தவறுவதைவிட டி மேல்.

படியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பைஃபோகலோ ப்ரோக்ரெசிவோ, லென்ஸின் கீழ்ப்பகுதி 40 செ.மீ.க்கு உரியது. படி ஒன்றரை மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தால் படி மங்கி, மேலே மிதக்கும். மோவாயை நெஞ்சோடு சேர்த்துத் தலையையே குனிந்து மேல்பகுதி வழியாகப் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கு முதன்முறை இதை வாங்கிக் கொடுக்கும் மகனோ மகளோ, கடையின் படியிலேயே நாலு முறை ஏறி இறங்கப் பழக்கிவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். கீழே விழுந்த பழக்கம் உள்ளவர் என்றால் நடமாடத் தூரத்துக்கு மட்டும் ஒரு கண்ணாடி, உட்கார்ந்து படிக்கத் தனியாக ஒன்று. இதில் மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை.

இனி ப்ரோக்ரெசிவ். 1959இல் பிரான்சில் பெர்னார்ட் மெய்த்தெனா உருவாக்கிய வாரிலக்ஸ் சந்தைக்கு வந்ததிலிருந்து இதன் ஆதாரக் கணக்கு மாறவே இல்லை. மேலே தூரத்துப் பவர், கீழே போகப் போக ஆட் மெல்லக் கூடும், அடியில் முழு ஆட். கோடு இல்லை, குதிப்பு இல்லை, இடைத் தூரமும் கிடைக்கிறது. இதற்கு ஒரு விலை உண்டு. கீழ்நோக்கிப் பவர் எவ்வளவு வேகத்தில் ஏறுகிறதோ, நடுப்பாதையின் இரு பக்கமும் அதைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் வேண்டாத சிலிண்டர் ஏறும். மிங்க்விட்ஸ் என்ற ஆய்வாளர் 1963இல் இதைக் கணிதமாகவே நிறுவிக் காட்டினார். எந்தக் கம்பெனியும் இதைத் தாண்ட முடியாது. அந்தக் கலங்கலை ஓரத்துக்கு ஒதுக்கலாம், பரப்பி மென்மையாக்கலாம், ஒழிக்க முடியாது. விலை உயர்ந்த லென்ஸுக்குக் கொடுக்கும் பணம் இந்த ஒதுக்கும் சாமர்த்தியத்துக்குத்தான்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று தெரிகிறது. ஆட் சிறியது என்றால் கலங்கலும் சிறியது. +1.50இல் ஆரம்பிப்பவர் எளிதில் பழகிவிடுவார், +2.50இல் முதன்முறை போடுபவர் திணறுவார். பின்னாளில் எப்படியும் ப்ரோக்ரெசிவ்தான் என்று முடிவு செய்துவிட்டால் ஐம்பதுகளின் தொடக்கத்தில் பழகிக்கொள்வது புத்திசாலித்தனம். உங்கள் கடைக்காரர் சொன்னதில் நியாயம் இருந்தால் அது இந்த அளவுக்குத்தான்.

ப்ரோக்ரெசிவ் சரியாக வராமல் போனால் பத்தில் எட்டு முறை லென்ஸின் தரத்தைக் குறை சொல்வார்கள். குற்றம் பெரும்பாலும் அளவெடுப்பில் இருக்கும். முதலில் ஃப்ரேமைத் தேர்ந்து, மூக்கிலும் காதிலும் சரியாக உட்காரும்படி வளைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அளக்க வேண்டும். ஃப்ரேமின் உயரம் 28, 30 மி.மீ.யாவது இருக்கட்டும், கண்மணி மையத்திலிருந்து கீழ் விளிம்புக்கு 18 மி.மீ. கிடைத்தால் நல்லது. ஒடுக்கமான நாகரிக ஃப்ரேமில் 14 மி.மீ.தான் கிடைக்கும், அதில் பவர் ஏறும் பாதை குட்டையான லென்ஸைத் திணிப்பார்கள், இடைத்தூரப் பகுதி நூலாகிவிடும், படிக்கும் பகுதியின் அடிப்பாகம் வெட்டுப்பட்டுப் போகும். பி.டி.யை இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 62 என்று எழுதக் கூடாது. மூக்கு நடுவிலிருந்து வலது 30.5, இடது 31.5 என்று தனித்தனியே எழுத வேண்டும். கண்மணிக்கு நேராக ஃப்ரேமின் மாதிரிக் கண்ணாடியில் பேனாவால் புள்ளி வைத்து, கீழ் விளிம்பிலிருந்து உயரத்தை அளக்க வேண்டும். அளப்பவர் உங்கள் கண்ணுக்குச் சமமான உயரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் நின்றுகொண்டு அளந்தால் அளவு ஏறிவிடும். புள்ளி வைக்காமல் ஸ்கேலை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ‘ஆச்சு சார்’ என்றால் எழுந்து வந்துவிடலாம்.

வந்த கண்ணாடியில் பிழை எங்கே என்பதைத் தலை சொல்லிக் கொடுத்துவிடும். ரோட்டைப் பார்க்கும்போது மோவாயைத் தாழ்த்தினால்தான் தெளிகிறது என்றால் லென்ஸ் உயரமாக உட்கார்ந்துவிட்டது. படிக்க மோவாயை வானத்துக்குத் தூக்க வேண்டியிருந்தால் தாழ்வாக உட்கார்ந்துவிட்டது. மூக்குத் திண்டை ஒரு மி.மீ. விரித்தோ நெருக்கியோ பார்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். படிக்கும் தாளின் ஒரு பாதி தெளிவாகவும் மறு பாதி மங்கலாகவும் தெரிந்து, தலையை ஒரு பக்கம் திருப்பினால் சரியாகிறது என்றால் பி.டி. தவறு, லென்ஸை மாற்றித்தான் ஆக வேண்டும். படிக்கும் பகுதி மொத்தமாகக் குறுகலாகத் தோன்றினால் ஃப்ரேம் முகத்திலிருந்து தள்ளி நிற்கிறதா, அடிப்பக்கம் கன்னத்தை நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 8 முதல் 12 டிகிரி சாய்வும், கண்ணுக்கும் லென்ஸுக்கும் 12, 14 மி.மீ. இடைவெளியும் இருந்தால் பகுதி விரியும். தரை ஆடுவது போன்ற உணர்வு ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். அந்த நாட்களில் பழைய கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் போட்டால் பழக்கம் தள்ளிப் போகும். இரண்டு வாரம் தாண்டியும் தலை சுற்றினால் கடையில் சொல்லி அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். லென்ஸில் இரண்டு நுண்ணிய பொறிப்புகள் 34 மி.மீ. இடைவெளியில் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால் வட்டமாகவோ கம்பெனி அடையாளமாகவோ தெரியும். காது பக்கத்துப் பொறிப்பின் கீழே ஆட் எண் இருக்கும், மூக்குப் பக்கத்தில் கம்பெனிக் குறி. வாங்கியது உண்மையில் அந்த லென்ஸ்தானா என்பதையும் இதை வைத்தே பார்த்துக்கொள்ளலாம்.

நாள் முழுக்கத் திரை பார்க்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு ப்ரோக்ரெசிவ்கூடச் சரிவராது. திரை கண்ணுக்கு நேரே இருக்கிறது, லென்ஸில் அதற்கான பவர் நடுவுக்கும் கீழே இருக்கிறது. மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து பிடித்துக்கொள்ளும். அவருக்கு ஆபீஸ் லென்ஸ் என்று தனி வகை உண்டு. மேலே தூரத்துக்குப் பதிலாக ஒன்றிரண்டு மீட்டருக்கான பவர், கீழே படிக்கும் பவர், நடுவே அகலமான திரைப் பகுதி. அறைக்குள் அருமை, அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. தலைக்கு மேல் வேலை செய்யும் எலக்ட்ரீஷியன், மேல் அலமாரியில் மருந்து தேடும் கடைக்காரர் இவர்களுக்குப் பக்கத்துக்கான பவர் மேலேயும் வேண்டும். மேலும் கீழும் துண்டு வைத்த இரட்டை டி லென்ஸை ஆர்டர் கொடுத்துச் செய்ய வேண்டும், அல்லது அந்த வேலைக்கு மட்டும் ஒற்றைப் பவர் கண்ணாடி. நகை ஆசாரிக்கு 25 செ.மீ.யில் 4 டயாப்டர் வேண்டும் என்று பார்த்தோம். வயதைப் பார்த்து +2.50 எழுதிக் கொடுத்தால் அவர் குந்துமணித் தங்கத்தைத் தொலைத்துவிட்டுத் தேடுவார். எந்தத் தூரத்தில் வேலை செய்கிறீர்கள் என்று பரிசோதிப்பவர் கேட்காவிட்டால் நாமாகச் சொல்ல வேண்டும்.

கான்டாக்ட் லென்ஸில் ஒரு வழி, முந்தி நிற்கும் கண்ணுக்குத் தூரமும் மற்றதுக்குப் பக்கமும் கொடுப்பது. இரண்டு கைகளாலும் சிறு ஓட்டை செய்து தூரத்துக் கடிகாரத்தை அதில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள், எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள் நிற்கிறதோ அதுவே முந்தும் கண். சிலருக்குச் சுகமாக அமைந்துவிடும். ஆழம் கணிப்பது குறையும், இரவு ஓட்டுநர்களுக்கு ஆகாது. பல பவர் கான்டாக்ட் லென்ஸ் இரண்டு கண்ணிலும் இரண்டையும் கொடுக்கும், மங்கிய வெளிச்சத்தில் எழுத்து கொஞ்சம் சாயம் போனது போலத் தெரியும். ஐம்பது தாண்டியவர்களுக்குக் கண் வறட்சியும் சேர்ந்துகொள்வதால் முன்னதாகச் சில நாள் சோதனை லென்ஸ் போட்டுப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

சொட்டு மருந்து பற்றிக் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். 1.25 சதவீத பைலோகார்பின் சொட்டுக்கு 2021 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது லென்ஸின் இறுக்கத்தை மாற்றுவதே இல்லை. முக்கியமாகக் கண்மணியைச் சுருக்குகிறது, கேமராத் துளையைச் சிறிதாக்கினால் படம் கூர்மையாவது மாதிரி. கால் மணி நேரத்தில் பலன் தெரியும், ஆறு மணி நேரம் போல நிற்கும், பிறகு போய்விடும். தலைவலி வரலாம், அந்தி நேரத்தில் உலகமே மங்கும். மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு விழித்திரை கிழிய வாய்ப்பிருப்பதால் அதைப் பரிசோதிக்காமல் போடக் கூடாது. இந்தியாவில் 2024 ஆகஸ்டில் இதே மருந்துக்கு அனுமதி கொடுத்த மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கண்ணாடியே வேண்டாம் என்கிற மாதிரி விளம்பரம் கிளம்பியதும் செப்டம்பரில் அந்த அனுமதியை நிறுத்திவைத்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் விஷயம் இல்லை.

அறுவை சிகிச்சை என்பது கண்புரை வந்தவர்களுக்கு மட்டும்தான் இயல்பான கேள்வி, எப்படியும் லென்ஸை மாற்றத்தான் போகிறார்கள். ஒரே தூரத்துக்கான லென்ஸ் வைத்தால் தூரம் சுத்தமாகத் தெரியும், படிக்கக் கண்ணாடி வேண்டும். மூன்று தூர லென்ஸ் வைத்தால் பலருக்குக் கண்ணாடியே தேவைப்படாது, ஆனால் இரவில் எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், வெளிச்சம் குறைந்த இடத்தில் வெளிச்ச நிழல் வேறுபாடு மங்கும். இரவில் லாரி ஓட்டுபவர், விழித்திரையில் நோய் உள்ளவர் இதைத் தவிர்ப்பதே நல்லது. கண்புரை இல்லாமல் வெள்ளெழுத்துக்காக மட்டும் நல்ல லென்ஸை எடுத்துவிடுவதை 250 ரூபாய்க் கண்ணாடி தீர்க்கும் தொல்லைக்கான விலையாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடையில் கூடுதலாகத் தலையில் கட்டும் சங்கதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எதிரொளி தடுக்கும் பூச்சு போட்டுக்கொள்ளுங்கள், திரையிலும் இரவு வண்டியிலும் பலன் உண்டு. ‘ப்ளூ கட்’ கண் சோர்வைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை என்று 2023இல் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது, அதற்குத் தனிக் காசு கொடுக்க வேண்டாம். +1.50 பவருக்கு 1.67 ஒளிவிலகல் எண் உள்ள மெல்லிய லென்ஸ் வீண், சி.ஆர்.39 என்கிற சாதாரண பிளாஸ்டிக் லென்ஸே மெல்லியதாகத்தான் இருக்கும், ஓரத்தில் நிறம் பிரியாமல் காட்டும். உடையாமல் இருக்க வேண்டிய தொழில் என்றால் பாலிகார்பனேட். வெயிலில் கறுக்கும் லென்ஸ் காருக்குள் ஏமாற்றும், முன்கண்ணாடி புற ஊதாவைத் தடுத்துவிடுவதால் சரியாகக் கறுக்காது. துடைக்கும்போது முதலில் குழாய்த் தண்ணீரில் தூசியைக் கழுவிவிட்டுத் துணியால் ஒற்றுங்கள், வேட்டி முனையால் வறட்டுத் துடைப்புத் துடைத்தால் மூன்று மாதத்தில் பூச்சு கீறலாகிவிடும். மூடிய காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போனாலும் பூச்சு வெடிக்கும்.

மூன்று இடங்களில் கண்ணாடிக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் லென்ஸின் நீர்ச்சத்து மாறி பவரும் வாரத்துக்கு வாரம் மாறும். சர்க்கரை சில வாரம் நிலைத்து நின்ற பிறகு பவர் பார்த்தால்தான் அந்தக் கண்ணாடி உதவும். விழித்திரையை வருடம் ஒருமுறை மருந்து விட்டு விரித்துப் பார்க்க வேண்டும், அந்த நாளிலேயே பவர் பார்த்துக் கண்ணாடிக்குக் கொடுத்துவிடாதீர்கள். நாற்பது தாண்டியதும் கண் அழுத்தமும் நரம்பும் ஒருமுறை பரிசோதிக்கப்பட வேண்டும். கண் அழுத்த நோய் எழுத்தைக் கலக்காது, ஓரத்தைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டு போகும், மருந்துக்கடைக் கண்ணாடியில் காலம் தள்ளுபவர்களுக்கு அது தெரியவே தெரியாது. இன்னொன்று, அறுபத்தைந்து தாண்டிய அப்பா திடீரென்று கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார், பார்வை இளமைக்குத் திரும்பிவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். லென்ஸின் நடு இறுகி மைனஸ் பக்கம் போயிருக்கும், அதாவது கண்புரை தொடங்கிவிட்டது. தூரத்தில் எப்படித் தெரிகிறது என்று கேட்டுப் பாருங்கள், மங்குகிறது என்பார்.

உங்கள் சீட்டுக்குத் திரும்புவோம். பக்கத்து பி.டி. எழுதி வாங்கி, 60 செ.மீ.யில் திரையை வைத்து, +1.50 ஒற்றைப் பவர், எதிரொளி பூச்சோடு, பாதி உயர ஃப்ரேமில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு ரெடிமேட் இருக்கட்டும். கை மறுபடி நீளத் தொடங்கும்போது, எப்படியும் இரண்டு மூன்று வருடம் ஆகும், அன்றைக்கு டேப்பை மறுபடி எடுங்கள்.